கற்கும் நிறுவனங்களில் பணியாளர் ஊக்கம்

கற்கும் நிறுவனம் என்பது, தன் உறுப்பினர்கள் அன்றாட வேலையிலிருந்து பெறும் அறிவைத் திரட்டி, அதைப் பிறருடன் பகிர்ந்து, அதற்கேற்பத் தன் செயல்முறைகளைத் தொடர்ந்து மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஆகும். இத்தகைய நிறுவனத்தில் பணியாளர்கள் கற்கவும், கற்றதைப் பிறருக்குச் சொல்லவும், தவறுகளை மறைக்காமல் வெளிப்படுத்தவும் தாமாக முன்வரச் செய்யும் காரணிகளும் வழிமுறைகளும் பணியாளர் ஊக்கம் என்னும் தலைப்பில் ஆராயப்படுகின்றன. மேலாண்மையியல், நிறுவன உளவியல் ஆகிய இரு துறைகளும் இதனைக் கையாள்கின்றன.

வழக்கமான நிறுவனத்தில் ஊக்கம் என்பது பெரும்பாலும் கூடுதல் உற்பத்தியைக் குறிக்கும். ஒரு நாளில் எத்தனை உருப்படிகள் செய்யப்பட்டன என்பதை எண்ணிவிடலாம்; அதற்கேற்பக் கூலியும் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் என்ன கற்றார், தெரிந்ததில் எவ்வளவைச் சக பணியாளருக்குச் சொன்னார் என்பவற்றை எண்ண இயலாது. கட்டளையிட்டும் இவற்றைப் பெற இயலாது. ஆகவே, கற்கும் நிறுவனங்களில் பணியாளர் ஊக்கம் தனியாக ஆராய வேண்டிய சிக்கலாகிறது.

கருத்துருவின் தோற்றம்

நிறுவனங்களும் மனிதர்களைப் போலக் கற்கின்றன என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இவர்கள் கற்றலை இரு வகையாகப் பிரித்தனர்.

ஒற்றை வளையக் கற்றல்: ஏற்கெனவே உள்ள விதியை மாற்றாமல், பிழையை மட்டும் திருத்திக்கொள்வது. எந்திரத்தில் வெட்டப்படும் உருளையின் அளவு கூடினால், எந்திரத்தைச் சரிசெய்வது இதற்கு எடுத்துக்காட்டு.

இரட்டை வளையக் கற்றல்: பிழைக்குக் காரணமான விதியையே கேள்விக்கு உட்படுத்துவது. அந்த அளவு ஏன் வரையறுக்கப்பட்டது, அந்த உருளை தேவைதானா என்று கேட்பது இவ்வகையைச் சாரும்.

இரண்டாவது வகைக் கற்றலில் கீழ்நிலைப் பணியாளர் மேலாளரின் முடிவையே வினவ நேர்கிறது. எனவே அதற்குத் திறமையுடன் துணிவும் வேண்டும்.

1990ஆம் ஆண்டில் பீட்டர் செங்கே எழுதிய 'ஐந்தாவது நெறி' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் கற்கும் நிறுவனம் என்னும் சொல்லைப் பரவலாக்கியது. அவர் கூறும் ஐந்து நெறிகள் பின்வருமாறு:

1. தன் தேர்ச்சி: ஒவ்வொருவரும் தம் திறனைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்ளுதல்.
2. மனப் படிமங்கள்: நம் முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் எடுகோள்களை வெளிக்கொணர்ந்து ஆராய்தல்.
3. பகிர்ந்த நோக்கு: மேலிருந்து திணிக்கப்படாமல் அனைவரும் தமதாகக் கொள்ளும் குறிக்கோள்.
4. குழுக் கற்றல்: கலந்துரையாடலின் மூலம் தனியாள் அறிவைக் குழுவின் அறிவாக்குதல்.
5. முறைமைச் சிந்தனை: பகுதிகளைத் தனித்தனியாகக் காணாமல் அவற்றுக்கிடையேயான உறவுகளைக் காணுதல்.

ஐந்தாவது நெறியே மற்ற நான்கையும் இணைக்கிறது என்பதால் நூல் அப்பெயரைப் பெற்றது. முதல் நெறியும் மூன்றாம் நெறியும் பணியாளர் ஊக்கத்துடன் நேரடித் தொடர்பு உடையவை.

ஊக்கம் பற்றிய கோட்பாடுகள்

பணியாளர் ஊக்கம் குறித்த கோட்பாடுகள் பல கற்கும் நிறுவனம் என்னும் கருத்துக்கு முற்பட்டவை. ஆபிரகாம் மாசுலோ 1943இல் தேவைகளின் படிநிலையை முன்வைத்தார். டக்ளஸ் மெக்ரெகர் 1960இல், மனிதர் வேலையை வெறுப்பவர் என்று கருதும் மேலாளர்களின் நோக்கை எக்ஸ் கோட்பாடு என்றும், வாய்ப்பிருந்தால் மனிதர் பொறுப்பை விரும்பி ஏற்பர் என்று கருதும் நோக்கை ஒய் கோட்பாடு என்றும் பெயரிட்டார்.

பிரெடெரிக் எர்சுபெர்கு அமெரிக்காவின் பிட்சுபர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, 1959இல் இரு காரணிக் கோட்பாட்டை வெளியிட்டார். சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை முதலியவை குறைவாக இருந்தால் மனக்குறை தோன்றும். அவை நிறைவாக இருப்பதால் மட்டும் ஊக்கம் தோன்றாது. சாதனை, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி, வேலையின் தன்மை ஆகியவையே ஊக்கம் தருவன என்பது அவர் கண்ட முடிவு.

எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. கனசதுரத் துண்டுகளை இணைத்து உருவங்கள் அமைக்கும் புதிர் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு இடையில் பணம் வழங்கப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கிடைத்த ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரில் செலவிட்ட நேரம் குறைந்தது. தாமாகவே விரும்பிச் செய்த ஒன்று கூலி வேலையாக மாறியபின், கூலி நின்றதும் ஆர்வமும் குன்றியது என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. இதன் தொடர்ச்சியாக டெசியும் ரிச்சர்ட் ரையனும் 1980களில் உருவாக்கிய தன்முடிவுக் கோட்பாடு, தன்னுரிமை, திறமையுணர்வு, பிறருடன் இணைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறும்போது உள்ளார்ந்த ஊக்கம் வளர்கிறது என்கிறது. கற்றல் பெரிதும் உள்ளார்ந்த ஊக்கத்தைச் சார்ந்தது என்பதால், கற்கும் நிறுவனங்களைப் பற்றிய எழுத்துகளில் இக்கோட்பாடு முதன்மை பெறுகிறது.

அச்சமும் உளப் பாதுகாப்பும்

ஊக்கம் அளிப்பதைக் காட்டிலும், இருக்கும் ஊக்கத்தைக் கெடுக்கும் காரணங்களை நீக்குவதே முதற்பணி என்று கருதுவோர் உண்டு. தரவியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் வகுத்த 14 நெறிகளுள் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுக என்பதாகும். ஆண்டுதோறும் பணியாளர்களுக்குத் தரவரிசை இடுவதையும் எண்ணிக்கை இலக்குகளையும் அவர் எதிர்த்தார். பிழைகளில் பெரும்பாலானவை முறைமையின் குறைகளால் விளைபவை. அவற்றுக்குத் தனியாளைப் பொறுப்பாக்கினால் அவர் பிழையை மறைப்பாரேயன்றித் திருத்த மாட்டார் என்பது அவர் வாதம்.

ஏமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைகளில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்து வழங்கும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் அக்குழுக்களிலேயே அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் அதிகம் தவறு செய்தன என்பது இதன் பொருள் அன்று; தவறுகளை அச்சமின்றிச் சொன்னார்கள் என்பதே விளக்கமாக அமைந்தது. ஒருவர் வினா எழுப்புவதாலோ பிழையை ஒப்புக்கொள்வதாலோ தண்டிக்கப்படவோ இழிவுபடுத்தப்படவோ மாட்டார் என்னும் பொது நம்பிக்கையை அவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் உளப் பாதுகாப்பு என்று வரையறுத்தார்.

இதனால் அளவீட்டில் ஒரு முரண் எழுகிறது. கற்கத் தொடங்கும் நிறுவனத்தில் பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை முதலில் கூடும். அதைக் கண்டு மேலாளர் கண்டிப்பாரானால், அடுத்த மாதமே எண்ணிக்கை குறையும். கற்றலும் அத்துடன் நின்றுவிடும்.

ஊக்கமளிக்கும் வழிமுறைகள்

கற்கும் நிறுவனங்களில் பின்வரும் வழிமுறைகள் பரவலாகக் கையாளப்படுகின்றன.

பணி செறிவாக்கம்: ஒரு வேலையைத் திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல் ஆகிய மூன்றையும் அதே பணியாளரிடம் ஒப்படைத்தல்.

ஆலோசனைத் திட்டம்: பணியாளர்கள் கூறும் மேம்பாட்டுக் கருத்துகளைப் பெற்று, குறித்த காலத்துக்குள் விடை அளித்தல். டொயோட்டா நிறுவனம் 1951இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது.

தர வட்டம்: ஒரே பணியிடத்தைச் சேர்ந்த சிலர் தாமாக முன்வந்து குழுவாகி, தம் வேலையிலுள்ள சிக்கலை ஆராய்ந்து தீர்வு காணுதல்.

பணிச் சுழற்சி: பணியாளரைக் காலமுறையில் வெவ்வேறு பிரிவுகளில் அமர்த்திப் பல திறன்களைப் பெறச்செய்தல்.

நிறுத்தும் உரிமை: குறை கண்டால் உற்பத்தியை நிறுத்தும் அதிகாரத்தைக் கடைநிலைத் தொழிலாளிக்கும் வழங்குதல்.

கற்பதற்கான நேரம்: பயிற்சியையும் கலந்துரையாடலையும் வேலை நேரத்தின் பகுதியாகவே கணக்கிடுதல்.

இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டது இல்லாதபோது மற்றவை பெயரளவில் நின்றுவிடுகின்றன. வேலை முடிந்தபின் சொந்த நேரத்தில் கற்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, வீட்டுப் பொறுப்புகள் மிகுந்த பெண் பணியாளர்களை அதிகம் பாதிக்கிறது.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

அரவிந்த் கண் மருத்துவமனை

மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்துபோயிருந்தன. அந்த விரல்களைக் கொண்டே கண்புரை அறுவை செய்யத் தம்மைப் பழக்கிக்கொண்டவர் அவர். தவிர்க்கக்கூடிய பார்வையின்மையை ஒழிப்பது என்பதே நிறுவனத்தின் பகிர்ந்த நோக்கு. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கப்படுகிறது. பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி, சென்னை முதலிய இடங்களிலும் மருத்துவமனைகள் அமைந்தன.

இந்நிறுவனத்தின் முதுகெலும்பாக இருப்போர் இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர்கள் ஆவர். பெரும்பாலும் சிற்றூர்களைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, உதவித்தொகையுடன் இரண்டாண்டுப் பயிற்சி பெறுகின்றனர். பார்வைச் சோதனை, அறுவை அரங்க உதவி, நோயாளிக்கு ஆலோசனை கூறல் எனப் பிரிவுவாரியாகத் தேர்ச்சி அளிக்கப்படுகிறது. அறுவை மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது, அடுத்த மேசையில் நோயாளியை இவர்கள் ஆயத்தமாக வைத்திருப்பர். மருத்துவர் செய்தாக வேண்டியதை மட்டும் மருத்துவர் செய்ய, ஏனைய பணிகளை இவர்கள் ஏற்பதாலேயே பெரும் எண்ணிக்கையில் அறுவைகள் நடைபெறுகின்றன.

இங்கு ஊக்கம் மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, வேலையின் பயன் உடனே கண்ணுக்குத் தெரிவது. கட்டுப் பிரிக்கப்பட்டதும் நோயாளி பார்வை பெறுகிறார். இரண்டாவது, பட்டப்படிப்புக்கு வாய்ப்பில்லாத பெண்ணுக்குக் கிடைக்கும் தொழில்திறனும் மதிப்பும். மூன்றாவது, உதவியாளராகத் தொடங்கியவர் பயிற்றுநராகவும் மேற்பார்வையாளராகவும் உயரும் வாய்ப்பு.

அறுவைக்குப் பின் தோன்றும் சிக்கல்கள் முறையாகப் பதிவு செய்யப்படுவதால், நிறுவன அளவிலான கற்றலும் நிகழ்கிறது. கண்புரை அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைச் செலுத்தும் முறை பின்பற்றப்பட்டபோது, கண்ணின் உட்பகுதியில் ஏற்படும் கடுந்தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது. ஏறத்தாழ 6 லட்சம் அறுவைகளின் பதிவேடுகளைக் கொண்டு இம்முடிவு 2017இல் வெளியிடப்பட்டது. பல்லாயிரம் அறுவைகளில் ஒரு சிலவற்றில் மட்டுமே தோன்றும் சிக்கலை ஆராய, ஒவ்வொரு நிகழ்வும் மறைக்கப்படாமல் பதிவாகியிருக்க வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

1992இல் இந்நிறுவனம் தன் பயிற்சி, ஆலோசனைப் பிரிவான லைக்கோவைத் தொடங்கித் தன் செயல்முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பித்து வருகிறது. அதே ஆண்டில் விழி உள்வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்கும் அரோலேப் தொடங்கப்பட்டது. மறுபுறம், பயிற்சி பெற்ற மருத்துவர்கள் அதிக ஊதியம் நாடித் தனியார் துறைக்குச் செல்வதும், பெண் பணியாளர்கள் திருமணத்துக்குப்பின் விலகுவதும் நிறுவனம் எதிர்கொள்ளும் நிலையான சிக்கல்கள். உயர்ந்த நோக்கு ஊக்கம் தரும். ஆனால் அது ஊதியத்துக்கு முழு மாற்றாகாது என்பதை இது காட்டுகிறது.

சுந்தரம் கிளேட்டனும் தர வட்டங்களும்

ஜப்பானில் 1962இல் கவோரு இசிக்காவாவின் முயற்சியால் தோன்றிய தர வட்டம், இந்தியாவில் 1980ஆம் ஆண்டில் ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. 1991இன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் வெளிநாட்டு வாகன நிறுவனங்கள் இந்தியாவுக்கு வந்தபோது, உதிரிப்பாகம் செய்யும் தமிழக நிறுவனங்கள் உலகத் தரத்தை எட்ட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு 1998இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று இப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அதனைத் தொடர்ந்து சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் (2001), டிவிஎஸ் மோட்டார் (2002), ரானே பிரேக் லைனிங்ஸ் (2003), லூக்காஸ் டிவிஎஸ் (2004) ஆகியனவும் இதைப் பெற்றன. முழுமைத் தர மேலாண்மையைப் பின்பற்றும் இந்நிறுவனங்களில் அனைத்துப் பணியாளர் பங்கேற்பு ஓர் அடிப்படைக் கூறு ஆகும். தொழிலாளர்கள் ஆலோசனை கூறுவதோடு நில்லாமல், மீன்முள் வரைபடம் முதலிய கருவிகளைக் கொண்டு சிக்கலின் காரணத்தைத் தாமே ஆராய்ந்து, தீர்வை மேலாண்மையின் முன் எடுத்துரைக்கின்றனர்.

தர வட்டங்கள் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. தொழிலாளர் கூறிய தீர்வுகள் மாதக்கணக்கில் விடையின்றிக் கிடந்த இடங்களில் அவை சடங்காக மாறி மறைந்தன. கருத்து ஏற்கப்படாததைக் காட்டிலும், ஏற்கப்பட்டதா என்றே தெரியாமலிருப்பது ஊக்கத்தை அதிகம் கெடுக்கிறது.

செயல்வழிக் கற்றல்: ஆசிரியர்கள்

நிறுவனக் கற்றல் பள்ளித் துறையிலும் நிகழ்ந்துள்ளது. ஆந்திரத்தின் ரிசிவேலிப் பள்ளியில் உருவான அட்டைவழிக் கற்பித்தல் முறையைக் கண்டறிந்த சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள், அதனைத் தமிழகப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயற்படுத்தினர். இந்திய ஆட்சிப்பணி அலுவலர் எம். பி. விஜயகுமார் இதற்குத் தலைமை ஏற்றார். பாட அட்டைகளை ஆசிரியர்களே உருவாக்கியதால் அம்முறையைத் தமதாகக் கருதினர்.

2007–08ஆம் கல்வியாண்டில் இது மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள மணலூர்பேட்டை, கல்வராயன் மலை ஆகிய பகுதிகளின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது அவ்வாறே சென்றடைந்தது. ஓரிரு ஆசிரியர்களே பல வகுப்புகளையும் கவனிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு, மாணவர் தத்தம் வேகத்தில் கற்கும் இம்முறை இயல்பாகவே பொருந்துவது. ஆயினும், முதற்பள்ளிகளின் ஆசிரியர்கள் தாமே கண்டும் ஆக்கியும் கற்றதை, பிற்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆணையாகப் பெற்றனர். பயிற்சி போதாமை, பணிச்சுமை ஆகியன குறித்து ஆசிரியர்களிடையே எதிர்ப்பும் எழுந்தது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறையின் அட்டைகளைப் படியெடுத்து அனுப்பலாம். அதை உருவாக்கியபோது பெற்ற ஊக்கத்தைப் படியெடுக்க இயலாது என்பது இந்நிகழ்விலிருந்து பெறத்தக்க பாடம்.

வெகுமதியின் எல்லை

மென்பொருள் துறையில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பட்டறிவு பெரிதும் ஆராயப்பட்டது. பணியாளர்கள் தம் திட்டங்களில் கற்றதைக் கட்டுரைகளாகவும் நிரல்களாகவும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் சேர்க்க நிறுவனம் வழிசெய்தது. பங்களிப்போர் குறைவாக இருந்ததால், பங்களிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் அறிவு நாணயம் என்னும் புள்ளிகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பரிசுகளாக மாற்றிக்கொள்ளலாம். பங்களிப்புகள் விரைவாகப் பெருகின. ஆனால் தரம் குறைந்தவையும் பெருகின. தேடுவோருக்குப் பயனுள்ளதைக் கண்டெடுப்பது கடினமாயிற்று. சரிபார்ப்போரின் சுமையும் ஏறியது. பின்னர் நிறுவனம் பொருள் வெகுமதியின் இடத்தைக் குறைத்து, பயன்படுத்துவோரின் மதிப்பீட்டுக்கும் பாராட்டுக்கும் முதன்மை அளித்தது. ரகு கருட், அருண் குமாரசாமி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது.

எண்ணிக்கைக்குப் பரிசளித்தால் எண்ணிக்கையே வளரும். அதே வேளையில், பணத்துக்கு இடமே இல்லை என்பதும் இதன் பொருள் அன்று. நியாயமான ஊதியம் எர்சுபெர்கு கூறும் அடிப்படைத் தேவை; அது குறைவுபட்ட இடத்தில் மற்ற ஊக்கங்கள் வேரூன்றுவதில்லை.

விமர்சனங்கள்

கற்கும் நிறுவனம் என்னும் கருத்து அளவிட இயலாத இலட்சியமாகவே உள்ளது என்பது அதன் மீதான முதன்மையான விமர்சனம். டேவிட் கார்வின் 1993இல் எழுதிய கட்டுரையில், இதுபற்றிய எழுத்துகள் உயர்ந்த கருத்துகளைப் பேசும் அளவுக்குச் செயல்முறையைச் சொல்வதில்லை என்று குறிப்பிட்டார்.

இரண்டாவது விமர்சனம் தொழிலாளர் நலன் சார்ந்தது. ஒரு தொழிலாளி தன் கைப்பழக்கத்தால் அறிந்த நுட்பத்தை நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டால், அதுவரை அவரிடம் மட்டுமே இருந்த மதிப்பு நிறுவனத்துக்கு மாறுகிறது. அவர் கூறிய மேம்பாட்டினால் ஐவர் செய்த வேலையை நால்வர் செய்ய முடியுமானால், ஐந்தாமவரின் நிலை என்ன என்ற வினா எழுகிறது. ஆலோசனை கூறியதன் விளைவாக எவரும் வேலை இழக்கமாட்டார் என்னும் உறுதி இல்லாத இடத்தில், அறிந்ததை மறைப்பதே தொழிலாளிக்கு அறிவுடைமையாகத் தோன்றும். எனவே பணிப் பாதுகாப்பும், மேம்பாட்டின் பயனில் பங்கும், தொழிற்சங்கத்துடன் ஒளிவற்ற உடன்பாடும் கற்கும் நிறுவனத்தின் முன்தேவைகளாகக் கருதப்படுகின்றன.